மோனாத் தீவின் இகோ சும்போக் கள்ளி: பெயர், தாயகம், பகை

ஆய்வுச்சுருக்கம்

கரீபியக் கடலில் புவேர்ட்டோ ரிக்கோவைச் சார்ந்த சிறு தீவுகளில் எஞ்சியிருக்கும் கள்ளி இனம் ஹாரிசியா போர்ட்டோரிசென்சிஸ். அத்தீவு மக்கள் இதனை இகோ சும்போ என்பர். வாழிடச் சுருக்கம், காட்டுநிலை அடைந்த ஆடுகள், எலிகள், அயற்புல், மாவுப்பூச்சி ஆகியவற்றால் இவ்வினம் அருகி வருகிறது. இதன் உருவமைப்பு, பெயர் வரலாறு, இனப்பெருக்க முறை, எதிர்கொள்ளும் இடர்கள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. ஒரு நிலத்தில் களையாக அழிக்கப்படும் குடும்பத்தைச் சார்ந்த செடி மற்றொரு நிலத்தில் காக்கப்பட வேண்டியதாக இருப்பதன் காரணத்தைத் தென்னிந்திய, இலங்கை அனுபவங்களோடு ஒப்பிட்டு ஆராய்கிறது. உயிரினத்தைச் சரியாக இனங்காண்பதே அதனைக் காப்பதற்கும் கட்டுப்படுத்துவதற்கும் முதற்படி என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: கள்ளி, மோனாத் தீவு, அகணிய இனம், அயல் இனம், மாவுப்பூச்சி, உயிரியல் கட்டுப்பாடு, பெயரீடு.

முன்னுரை

தீவுகளில் வாழும் உயிரினங்களுக்கு இரு இயல்புகள் உண்டு. நெடுங்காலம் தனித்து வளர்ந்தமையால் அவை பிற இடங்களில் காணப்படாத தனித்தன்மை பெறுகின்றன. அதே காரணத்தால், வெளியிலிருந்து வரும் பகையை எதிர்கொள்ளும் வாய்ப்பை அவை பெற்றதில்லை. முதல் இயல்பு தாவரவியலாரை ஈர்க்கிறது. இரண்டாவது இயல்பு அவர்களைக் கவலைகொள்ளச் செய்கிறது. இவ்விரண்டிற்கும் இகோ சும்போக் கள்ளி தக்க சான்றாக அமைகிறது.

கள்ளி என்றதும் மணற்பாலையில் யாருடைய துணையுமின்றி நிற்கும் வன்மையான செடியே மனத்தில் தோன்றும். வறட்சியைத் தாங்கும் ஆற்றலை எல்லாவற்றையும் தாங்கும் ஆற்றலாகக் கொள்வது பொதுவான வழக்கம். இக்கருத்து பொருந்தாது என்பதை மோனாத் தீவின் கள்ளி உணர்த்துகிறது.

வாழிடம்

கரீபியக் கடலில் இசுப்பானியோலாத் தீவுக்கும் புவேர்ட்டோ ரிக்கோவுக்கும் இடையிலுள்ள நீர்வழி மோனாக் கடற்கால் எனப்படும். அதன் நடுவே, புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து மேற்கே ஏறத்தாழ 66 கிலோமீட்டர் தொலைவில் மோனாத் தீவு உள்ளது. சுண்ணாம்புக் கல்லாலும் டோலமைட் கல்லாலும் ஆன மேட்டுச் சமவெளி இத்தீவு. இதன் விளிம்புகள் கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்குகின்றன. உட்புறம் குகைகள் மிகுந்துள்ளன. மழைநீர் கல்லின் வெடிப்புகள் வழியே கீழிறங்கிவிடுவதால் மேற்பரப்பில் ஓடையோ ஏரியோ இல்லை. மண்ணும் கற்குழிகளில் தேங்கிய அளவே கிடைக்கிறது. மோனாவுக்கு வடமேற்கே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில் மோனித்தோ என்னும் சிறு பாறைத் தீவும், புவேர்ட்டோ ரிக்கோவின் மேற்குக் கரைக்கு அருகில் தெசெச்சேயோ என்னும் தீவும் உள்ளன.

இகோ சும்போக் கள்ளி ஒரு காலத்தில் புவேர்ட்டோ ரிக்கோப் பெருந்தீவின் தென்கரையில் போன்சே நகரை ஒட்டிய வறண்ட நிலத்திலும் வளர்ந்தது. வேளாண்மையும் நகர விரிவும் அந்நிலத்தை எடுத்துக்கொண்டன. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அழிவுறும் இனங்கள் சட்டப்படி இவ்வினம் 1990ஆம் ஆண்டில் அச்சுறுத்தலுக்குள்ளான இனமாகப் பட்டியலிடப்பட்டது. அப்போது பெருந்தீவில் இது அற்றுப்போனதாகவே கருதப்பட்டது. மோனா, மோனித்தோ, தெசெச்சேயோ ஆகிய மூன்று தீவுகளே எஞ்சிய வாழிடங்களாகக் குறிக்கப்பட்டன.

உருவமைப்பு

இது மெலிந்து நிமிர்ந்து வளரும் கள்ளி. பெரும்பாலும் ஆளுயரத்தை ஒட்டியே வளர்கிறது. வாய்ப்பான இடத்தில் அதனினும் சற்று உயரும். தண்டின் மீது நீளவாக்கில் 11 விலா வரிகள் ஆழமற்ற பள்ளங்களால் பிரிக்கப்பட்டுள்ளன. வரிகளின் மீது இடைவெளி விட்டு அமைந்த முள்மேடைகளிலிருந்து, நுனி கறுத்த சாம்பல் நிற முட்கள் கொத்தாக எழுகின்றன. முள்மேடை என்பது கள்ளிக் குடும்பத்திற்கே உரிய உறுப்பு. முள், மலர், கிளை ஆகிய மூன்றும் அதிலிருந்தே தோன்றுகின்றன.

மலர் நீண்ட குழல் உடையது, இரவில் விரிவது, வெண்ணிறம் வாய்ந்தது. மொட்டின் புறத்தே வெண்ணிறப் பஞ்சுமயிர் படர்ந்திருக்கும். கனி உருண்டையானது, முதிர்ந்தபின் மஞ்சள் நிறம் பெறுவது, தானே வெடிக்காதது. இக்கடைசி இயல்பு வகைப்பாட்டில் முதன்மை பெறுகிறது. ஹாரிசியாப் பேரினத்தின் தென்னமெரிக்க இனங்களில் கனி சிவந்து வெடிக்கும். கரீபியத் தீவுகளின் இனங்களில் கனி மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ பழுத்து, வெடிக்காமல் நிற்கும். மூலக்கூற்று ஆய்வுகள் இப்பேரினம் தென்னமெரிக்காவில் தோன்றிப் பின்னர்க் கரீபியத் தீவுகளை அடைந்தது எனக் காட்டுகின்றன.

பெயர் வரலாறு

இவ்வினத்தை விளக்கிப் பெயரிட்டவர் நியூயார்க் தாவரவியல் பூங்காவின் முதல் இயக்குநரான நத்தானியேல் லார்ட் பிரிட்டன். ஜமைக்காவின் பொதுத் தோட்டங்களுக்குக் கண்காணிப்பாளராக இருந்த வில்லியம் ஹாரிஸ் நினைவாகப் பேரினத்திற்கு ஹாரிசியா என்று பெயர் வைத்தார். போர்ட்டோரிசென்சிஸ் என்னும் அடைமொழி ‘புவேர்ட்டோ ரிக்கோவுக்கு உரியது’ என்று பொருள்படும். பின்னர் ஜோசப் நெல்சன் ரோஸ் என்பவருடன் இணைந்து 1919 முதல் 1923 வரை நான்கு தொகுதிகளாக அவர் வெளியிட்ட கள்ளிக் குடும்ப நூல் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாக இன்றும் விளங்குகிறது.

மக்கள் வழக்கில் உள்ள இகோ சும்போ என்னும் பெயர் வேறொரு வரலாற்றைக் கூறுகிறது. எசுப்பானிய மொழியில் ‘இகோ’ என்பது அத்திப்பழம். ‘இகோ சும்போ’ என்பது எசுப்பானிய நாட்டில் சப்பாத்திக்கள்ளிப் பழத்தின் பெயர். அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற ஒரு கனிக்கு அங்கு நன்கறிந்த அத்தியின் பெயர் இடப்பட்டது. அப்பெயர் கரீபியத் தீவுகளில் அதே குடும்பத்தின் வேறொரு செடிக்கு வழங்கலாயிற்று. ஆக, தீவுக்கே உரிய செடி மக்கள் நாவில் இரவல் பெயரால் அறியப்படுகிறது.

இதற்கு இணையான நிகழ்வு தமிழிலும் உண்டு. சங்க இலக்கியத்தின் பாலைத்திணைப் பாடல்களில் இடம்பெறும் கள்ளி, கிளையை ஒடித்தால் பால் வடியும் யூஃபோர்பியாப் பேரினத்தைச் சார்ந்தது. சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி முதலிய பெயர்கள் இப்பேரினத்துச் செடிகளையே குறிக்கின்றன. ‘கள்ளிப்பால்’ என்னும் தொடரும் இவற்றைச் சார்ந்து எழுந்ததே. சப்பாத்திக்கள்ளி என்னும் நாகதாளி அமெரிக்கக் கண்டத்துக் குடும்பத்தைச் சார்ந்தது. ஐரோப்பியர் வருகைக்குப் பின்னரே தமிழ் நிலத்தை அடைந்தது. இக்குடும்பம் முழுவதும் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இலங்கை ஆகிய இடங்களில் இயற்கையாகக் காணப்படும் ரிப்சாலிஸ் பேசிஃபெரா என்னும் தொங்கு கள்ளி மட்டுமே இதற்கு விதிவிலக்கு.

தோற்ற ஒப்புமையால் புதிய செடி பழைய பெயரைப் பெற்றது. மக்கள் வழக்கில் இது குற்றமன்று. ஆனால், பழந்தமிழ்ப் பாடலின் கள்ளிக்குச் சப்பாத்திக்கள்ளியின் படத்தையோ விளக்கத்தையோ இணைக்கும் உரையும் அகராதியும் காலவழுவுக்கு உட்படுகின்றன. பால் உள்ளதா, முள்மேடை உள்ளதா என்னும் இரு வினாக்களே இவ்விரு குடும்பங்களைப் பெரும்பாலும் பிரித்தறியப் போதுமானவை.

இனப்பெருக்கம்

நீண்ட குழலும் வெண்ணிறமும் இரவு மலர்ச்சியும் பருந்து அந்துப்பூச்சிகளை நோக்கி அமைந்தவை என்பது தாவரவியலில் பொதுவான கருத்து. ஆனால், மோனாவில் ஜூலிசா ரோகாஸ்-சாண்டோவல், எல்வியா மெலென்டெஸ்-ஆக்கர்மன் ஆகியோர் மேற்கொண்ட ஆய்வுகள் வேறொரு வழியையும் வெளிப்படுத்தின. இச்செடியின் மலர் தன் மகரந்தத்தை ஏற்று விதை உண்டாக்க வல்லது. காற்று மலரை அசைக்கும்போது மகரந்தம் அதே மலரின் சூல்முடியை அடைகிறது. தொலைவான தீவில், பூச்சி வராத இரவுகளிலும் விதை தோன்றுவதற்கு இவ்வமைப்பு உதவுகிறது.

இவ்வசதிக்கு விலையும் உண்டு. தன்மகரந்தச் சேர்க்கையால் தோன்றும் வழித்தோன்றல்களில் மரபு வேறுபாடு குறையும். புதிய நோயோ பூச்சியோ வரும்போது, அதனைத் தாங்கவல்ல சில செடிகளேனும் கூட்டத்தில் இருக்கும் என்னும் வாய்ப்பும் குறைகிறது. எண்ணிக்கையைக் காக்கும் முறையே ஏற்புத்திறனைக் குறைக்கக்கூடும் என்பது இங்குக் கருதத்தக்கது.

கனிகளைப் பறவைகள் உண்டு விதைகளைப் பரப்புகின்றன. பறவைகள் மரக்கிளைகளிலும் புதர்களிலும் தங்குவதால் விதைகள் பெரிதும் அவற்றின் நிழலிலேயே விழுகின்றன. கடும் வெயிலில் சுண்ணாம்புப் பாறையின் வெப்பத்தை இளநாற்றுகள் தாங்கா. புதரின் நிழலே அவற்றுக்குப் பாதுகாப்பு. இவ்வாறு நிழல் தரும் செடிகளைச் செவிலிச் செடிகள் என வழங்குவர். தனித்து நிற்பதாகத் தோன்றும் கள்ளி, முளைக்கும் பருவத்தில் பிறிதொரு செடியைச் சார்ந்தே வாழ்கிறது. ஆகவே புதர்க்காட்டை இழந்த நிலத்தில் கள்ளியை மட்டும் காத்தல் அரிது.

வெளியிலிருந்து வந்த இடர்கள்

விலங்குகள்: மோனாவில் மனிதரால் கொண்டுவரப்பட்ட ஆடுகளும் பன்றிகளும் காட்டுநிலை அடைந்து பெருகின. ஆடுகள் இளஞ்செடிகளையும் செவிலிப் புதர்களையும் மேய்கின்றன. பன்றிகள் மண்ணைக் கிளறுகின்றன. தெசெச்சேயோவில் ஆடுகளும் எலிகளும் இருந்தன. 1966ஆம் ஆண்டில் ஆய்வுக்காக ரீசஸ் குரங்குகளும் அங்கு விடப்பட்டன. எலிகள் கனியையும் விதையையும் தின்று அடுத்த தலைமுறையை முளைக்கும் முன்பே அழிக்கின்றன.

அயற்புல்: ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட கினியாப் புல் கால்நடைத் தீவனமாக வெப்பமண்டல நாடுகள் பலவற்றுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. தமிழகத்திலும் இது தீவனப் புல்லாகப் பயிரிடப்படுகிறது. மோனாவில் இப்புல் கள்ளிகளைச் சூழ்ந்து உயர்ந்து வளர்கிறது. புல் அடர்ந்த இடங்களில் கள்ளியின் வளர்ச்சி, பிழைப்பு, இனப்பெருக்கம் ஆகிய மூன்றும் பாதிக்கப்படுவதை மேற்குறித்த ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். புதரின் நிழல் நாற்றைக் காக்கிறது. புல்லின் நிழலோ அதனை நெரிக்கிறது. காய்ந்த புல் தீப்பற்றக்கூடியது. தீக்குப் பழகாத கள்ளிக்கு அது மற்றுமோர் இடராகும்.

மாவுப்பூச்சி: மூன்றாவது இடர் மற்றவற்றினும் கொடியது. தென்னமெரிக்காவைச் சார்ந்த ஹைப்போஜியோகாக்கஸ் என்னும் பேரினத்து மாவுப்பூச்சி, கள்ளித் தண்டின் வளர்நுனியில் தங்கிச் சாற்றை உறிஞ்சுகிறது. நுனி வளர்ச்சி திரிந்து கழலையாக மாறுகிறது. மலரும் கனியும் தோன்ற வேண்டிய இடம் கெடுகிறது. காலப்போக்கில் செடி மடிகிறது. புவேர்ட்டோ ரிக்கோவில் 2000ஆம் ஆண்டளவில் பருப்புக்கீரை இனச் செடிகளில் இது அறியப்பட்டது. 2005ஆம் ஆண்டளவில் தென்மேற்குக் கரையின் குவானிக்கா வறண்ட காட்டில் தூண்வடிவக் கள்ளிகளைத் தாக்குவது தெரியவந்தது. மோனா போன்ற சிறு தீவில் இது பரவினால், அங்கு வளரும் இகோ சும்போவுக்குப் பின்வாங்க வேறு நிலம் இல்லை.

பகையா, துணையா?

இம்மாவுப்பூச்சிக்கு மற்றொரு முகம் உண்டு. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் தென்னமெரிக்க ஹாரிசியா இனங்கள் அழகுச்செடிகளாக நுழைந்து மேய்ச்சல் நிலங்களைக் கவர்ந்தன. அவற்றைக் கட்டுப்படுத்த இவ்வகை மாவுப்பூச்சியே 1975ஆம் ஆண்டில் அங்கு விடப்பட்டது. அம்முயற்சி பெருவெற்றி பெற்றது. ஆஸ்திரேலியாவில் விளைநிலத்தை மீட்ட பூச்சியின் உறவினம் கரீபியத்தில் தாயகச் செடியை அழிக்கிறது. பூச்சியின் இயல்பு இரண்டிடத்தும் ஒன்றே. செடியின் தாயகம் எது என்பதே பயனையும் கேட்டையும் தீர்மானிக்கிறது.

தென்னிந்தியாவும் இலங்கையும் இவ்வரலாற்றின் முன்னோடி நிலங்கள். செந்நிறச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியைப் பெற விரும்பிய ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில், 1795ஆம் ஆண்டில் பிரேசிலிலிருந்து ஒரு பூச்சி இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அது உண்மையான சாயப்பூச்சி அன்று. அதன் காட்டு உறவினமான டாக்டிலோபியஸ் சிலோனிக்கஸ். சாயம் எதிர்பார்த்தபடி கிடைக்கவில்லை. ஆனால், நாகதாளி வகைகளுள் ஒன்றான ஒபன்ஷியா மோனகாந்தாவை அது அழித்தது. இதனைக் கண்டறிந்தபின், 19ஆம் நூற்றாண்டில் களையை ஒழிக்கும் நோக்கத்துடன் தென்னிந்தியாவிலும், 1865ஐ ஒட்டி இலங்கையிலும் அப்பூச்சி பரப்பப்பட்டது. களைச்செடியை உயிரியல் முறையில் கட்டுப்படுத்திய முதல் நிகழ்வாக இது துறைநூல்களில் குறிக்கப்படுகிறது. இதே பூச்சி மற்றொரு சப்பாத்திக்கள்ளி இனத்தை அழிக்கவில்லை. அதற்கு டாக்டிலோபியஸ் ஒபன்ஷியே என்னும் வேறு இனம் தேவைப்பட்டது. அது ஆஸ்திரேலியாவிலிருந்து 1924இல் இலங்கைக்கும், அங்கிருந்து 1926இல் இந்தியாவுக்கும் கொண்டுவரப்பட்டது.

இந்நிகழ்வு தரும் படிப்பினை தெளிவானது. கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் இரு பூச்சிகளில் ஒன்று குறித்த செடியை அழிக்கிறது. மற்றொன்று அதனைத் தொடுவதில்லை. புவேர்ட்டோ ரிக்கோவிலும் இதே சிக்கல் எழுந்தது. ஹைப்போஜியோகாக்கஸ் பஞ்சென்ஸ் என ஒரே பெயரால் வழங்கிய மாவுப்பூச்சி உண்மையில் பல இனங்களின் தொகுதி என மரபணு ஆய்வுகளும் உணவுச்செடி ஆய்வுகளும் காட்டியுள்ளன. எந்த இனம் என்பது தெரியாமல் அதற்குரிய இயற்கை எதிரியைத் தேர்ந்தெடுத்தல் இயலாது.

மீட்பு முயற்சிகள்

மாவுப்பூச்சிக்கு அதன் தாயகத்தில் ஒட்டுண்ணிக் குளவிகள் எதிரிகளாக உள்ளன. தென்னமெரிக்காவில் அனாகைரஸ் பேரினத்துக் குளவிகள் இதற்கென ஆராயப்பட்டு வருகின்றன. புவேர்ட்டோ ரிக்கோவின் பிற பூச்சிகளுக்கு இவை தீங்கு செய்யுமா என்பதைச் சோதித்தபின்னரே இவற்றை வெளியில் விட முடியும். இத்தாமதம் தேவையானதே.

இம்முறையின் பயனைத் தமிழக உழவர் நேரில் அறிவர். மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்ப் பகுதியில் காணப்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி முதலிய பயிர்களைத் தாக்கியது. பூச்சிக்கொல்லிகளால் அடங்காத அதனை அசெரோஃபேகஸ் பப்பாயே என்னும் சிறு குளவி கட்டுப்படுத்தியது. அக்குளவி 2010ஆம் ஆண்டில் வந்தது புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்தே. தமிழக வயல்களுக்குத் துணை அனுப்பிய அதே தீவு, தன் கள்ளிகளுக்கு இத்தகைய துணையை இன்று தேடுகிறது.

தீவுகளில் விலங்குகளை அகற்றும் பணி பயனளித்துள்ளது. மோனித்தோவில் 1998–99 காலத்தில் எலிகள் ஒழிக்கப்பட்டன. தெசெச்சேயோவில் 2012இல் மேற்கொண்ட முதல் முயற்சி முழு வெற்றி பெறவில்லை. 2016இல் மீண்டும் முயன்று, 2017இல் அத்தீவு எலியற்றதாக அறிவிக்கப்பட்டது. முதல் முயற்சியில் சில எலிகள் எஞ்சினாலும் அவை மீண்டும் பெருகிவிடும் என்பதால், தீவு மீட்பில் பகுதி வெற்றி என்பது இல்லை. பரந்த நிலமும் குகைகளும் கொண்ட மோனாவில் இப்பணி பன்மடங்கு கடினமானது.

முடிவுரை

இகோ சும்போக் கள்ளியின் நிலையிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, வறட்சியைத் தாங்குதல் வேறு, அயற்பகையைத் தாங்குதல் வேறு. சுண்ணாம்புப் பாறையில் வேரூன்ற வல்ல செடி ஆட்டின் வாய்க்கும் புல்லின் நெருக்கத்திற்கும் பூச்சியின் உறிஞ்சலுக்கும் ஈடுகொடுக்க இயலாது நிற்கிறது. இரண்டாவது, களை என்பது செடியின் இயல்பன்று. இடத்தைச் சார்ந்த தீர்ப்பு. தமிழக மேய்ச்சல் நிலத்தில் நாகதாளியை அழித்ததும் மோனாவில் ஹாரிசியாவைக் காப்பதும் முரண்பட்ட செயல்கள் அல்ல. இரண்டும் தாயகச் சூழலைப் பேணும் ஒரே நோக்கின் இரு வெளிப்பாடுகள். மூன்றாவது, பெயரீடு சொல்லளவில் நின்றுவிடும் செயலன்று. சாயப்பூச்சி எனத் தவறாகக் கருதிக் கொண்டுவந்த பூச்சி ஒரு செடியை அழித்தது. ஒரே பெயரால் வழங்கிய மாவுப்பூச்சி பல இனங்களாகப் பிரிந்து மீட்புப் பணிக்குப் புதிய வினாக்களை எழுப்பியது.

உரை, அகராதி, பாடநூல் ஆகியவற்றில் யூஃபோர்பியாக் கள்ளியையும் அமெரிக்கக் கள்ளியையும் வேறுபடுத்திக் காட்டும் பணி தமிழாய்வாளர் முன் உள்ளது. சொல் ஒன்றாயினும் பொருள் இரண்டு என்பதைப் பதிவு செய்தால், பாலைத்திணையின் கள்ளி தன் நிலத்தை மீளப்பெறும். கடல் கடந்த தீவின் கள்ளியும் களை என்னும் பழியின்றித் தமிழில் அறியப்படும்.